பிசியோவின் மூக்கை உடைக்க ஒரு கை

அந்தப் பிசியோவின் மூக்கை உடைத்தே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் சபதம் எடுத்தபோது, அவருடைய வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடை ஏணியிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டில் விரிசல். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அந்த வாட்டசாட்டமான பிசியோதெரபிஸ்டின் பேச்சை மனைவி கண்கொட்டாமல் கேட்டதுதான் பொறுக்கவில்லை.

“இடது கைக்குப் பயிற்சி கொடுத்தா கட்டுக்குள்ள இருக்கிற வலது கைக்கும் தெம்பு குறையாதாமே! மூளை ரெண்டு கைக்கும் சேர்த்துக் கத்துக்குமாம். எவ்வளவு அழகாச் சொன்னாரு!”

“அழகாவா?”

“தெளிவா. உங்க மூளைமேல அவருக்கு எவ்வளவு நம்பிக்கை! எனக்கே அவ்வளவு கிடையாதுங்க.”

அன்று முதல் இடது கைக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. மாவு பிசைந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது. போர்வையின் ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்கிப் பிழிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ‘அவர் சொன்னாரு’ என்றொரு முன்னுரை வேறு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணவன் சொன்ன எதையாவது அவள் இப்படித் திருப்பிச் சொன்னதுண்டா? சண்டையின்போது தவிர.

ஆனாலும் அவர் நாளை எண்ணிக் காத்திருந்தார். கட்டுப் பிரித்ததும் கைப்பிடியின் பலத்தை முள் வைத்த ஒரு கருவியில் அளப்பார்களாம். அங்கே வலது கையைத் துவளவிட்டால் போதும். அவள் கண்ணெதிரிலேயே அந்தப் பிசியோவின் மானம் கப்பலேறிவிடும்.

அந்த நாளும் வந்தது.

“முழு பலத்தோட அழுத்துங்க சார்.”

முள் அசையவில்லை. பிசியோவின் முகம் சுண்டிப்போயிற்று. கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மனைவி கவலையோடு முன்னால் வந்தாள். “அப்ப நீங்கதான் தினமும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கணும் டாக்டர். ஒரு மூணு மாசம். இவர் கடையிலிருந்து வர நேரமானாலும் நான் வீட்லதான் இருப்பேன். பேசிக்கிட்டிருக்கலாம்.”

முள் எகிறிப் பாய்ந்தது.

“பார்த்தீங்களா!” என்று துள்ளினார் பிசியோ. “மூளை கத்துக்கிட்டிருக்கு!”

வாசலுக்கு வந்ததும் கண்ணாடிக்கடைக்காரர் உறுமினார். “அந்த ஆள் நம்ம வீட்டுப் படியேறக் கூடாது, சொல்லிட்டேன்.”

“அவர் யார் வீட்டுக்கும் போறதில்லைன்னு இதோ போர்டே மாட்டியிருக்காங்க,” என்றாள் மனைவி. “நான் கூப்பிட்டது அவரை இல்லீங்க, உங்க கையை.”