பீரோவுக்கு ஒரு முழம் முன்னால்

கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் தங்கை வீட்டு மாப்பிள்ளை அவர்களுக்கு மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம், என் வேலையைத் தவிர. தங்கையின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

போன செவ்வாய்க்கிழமை என் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரியிலிருந்து பீரோ விழுந்தது. பிரேக் போட்டேன். ஆறு நொடி, நாற்பது மீட்டர், பீரோவுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது. மாலை போடுவார்கள் என்று பார்த்தால் மெமோ கொடுத்தார்கள். கேமராவில் நேரம் பார்த்து, டேப் பிடித்துத் தூரம் அளந்த விசாரணை அதிகாரி, வேகம் கடைசிவரை ஒரே சீராகக் குறைந்தது என்று வைத்துக்கொண்டு, நான் நாற்பத்தெட்டில் வந்ததாக எழுதிவிட்டார். அந்தத் தெருவில் நாற்பதைத் தாண்டக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை இப்போது வீட்டில் வெங்காயம் உரிக்கிறது, மாப்பிள்ளை. வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

என் மகள்தான் கேட்டாள். "அப்பா, நீங்க எப்படி பிரேக் போடுவீங்க?"

"நின்னுக்கிட்டு வர்றவங்க விழக்கூடாதும்மா. முதல்ல தொட்டும் தொடாம, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அழுத்துவேன்."

"அப்ப முடுக்கம் நேரத்தோட மாறுதுப்பா. அவரோட சூத்திரம் இதுக்குச் செல்லாது. தொகையிடணும், அதான் இன்டெக்ரேஷன்" என்று காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முடுக்கத்தைத் தொகையிட்டால் வேகமாம், வேகத்தைத் தொகையிட்டால் தூரமாம். கடைசியில் வந்தது முப்பத்தாறு! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். அதிகாரியோ, அப்படி மெதுவாக அழுத்தியிருந்தால் பின்னால் நின்ற கண்டக்டர் எப்படி முன் கண்ணாடி வரைக்கும் வந்தார் என்று கேட்கிறார். என்னிடம் ஏதாவது பேச வந்திருப்பார். எனவே வியாழக்கிழமை விசாரணைக்கு நீங்கள் நேரில் வந்து, படித்தவருக்குப் படித்தவராக இந்தத் தொகையிடலை அவருக்கு விளக்க வேண்டும். சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன்.

தங்கைக்கு என் ஆசிகள். உங்கள் படிப்பு தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை மலைபோல் நம்பியிருக்கும்
மச்சான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள், "அன்னைக்கும் கொஞ்சம் கொஞ்சமாத்தானேப்பா அழுத்தினீங்க?" என்றாள். அவளிடம் எனக்குப் பொய் வராது. அன்று பயத்தில் எடுத்த எடுப்பிலேயே முழுக்க மிதித்துவிட்டு, அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுத்தேன். அதையும் தொகையிட்டாள். எழுபத்திரண்டு. காலண்டர் தாளை மடித்து அடுப்பில் போட்டேன். நீங்கள் வர வேண்டாம், மாப்பிள்ளை. நாற்பத்தெட்டு என்று எழுதிய அந்த அதிகாரி தங்கமான மனுஷர். அவர் கணக்கிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.