குழாய் போட்ட வாய்க்கால்

அன்பும் படிப்பும் ஒருங்கே நிறைந்த மருமகள் மேனுகாவுக்கு, படுவான்கரை வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டைவிதானை, உன் மாமன் சீவரெத்தினம் ஆஸ்பத்திரி வாங்கில் அமர்ந்திருந்து வரைந்துகொள்வது. உன் அப்பாவாகிய என் அத்தானைத் தவிர இங்கு யாவரும் சுகம். அவரும் சுகமாக வேண்டுமென்று அம்மாளை மன்றாடிக்கொண்டிருக்கிறேன். உன் போன் கோல்களுக்கு நான் பதில் தராதது பயத்தினால் அல்ல. இங்கே போன் கதைக்கப்படாது.

நடந்தது இதுதான். அத்தானின் இதயத்தில ரத்தக்குழாய் சுருங்கி, அதை விரிச்சுக் கம்பிவலைக் குழாய் வெச்ச பிறகு, நீ அங்க பன்றிகளுக்கு வெச்சு ஆராய்ச்சி செய்யிற மருந்து பூசின குழாயைப் பத்தி எனக்குப் போனில விளக்கினாய்தானே. விரிச்ச இடத்தில சதை வளர்ந்து திரும்ப அடைக்கும், பூசின மருந்து மெல்ல மெல்லக் கரைஞ்சு அதைத் தடுக்கும் எண்டாய். எனக்கு உடனே பிடிபட்டிட்டுது. காலம் முழுக்க வாய்க்கால் பாக்கிறவனுக்கு இதென்ன பெரிய விசயமா. "ஆனா மாமா, மருந்துக் குளிசை மட்டும்" எண்டு நீ தொடங்கேக்க வயல்வட்டைக்குள்ள யானை வந்திட்டுது எண்டு போனை வெச்சிட்டன். அந்த யானையை நான் தனிய நிண்டு கைதட்டியே கலைச்சது வேற கதை. பிறகு ஊரெல்லாம், என்ட மருமகள் கண்டுபிடிச்ச குழாய்தான் அத்தானுக்குள்ள இருக்கு, அது அடைச்ச சரித்திரமே இல்லை எண்டு சொல்லிவெச்சன். பன்றிக் கதையை மட்டும் விட்டிட்டன், கோயில் சடங்கு நேரம்.

உயிர் தப்பினதுக்கு அத்தான் தீமிதிக்க நேர்ந்திட்டார். சடங்கு முடியுமட்டும் கோயிலை விட்டு வெளிக்கிடாம நோன்பிருக்கணும். "குளிசையை ஒருநாளும் விடாதீங்க, விட்டா குழாய்க்குள்ள ரத்தம் உறையும் எண்டு டொக்டர் சொன்னவரே" எண்டு முழிச்சார். நான் விடுவனா? "அத்தான், மண்வாய்க்காலுக்குத்தான் புல்லுப் பிடுங்கணும். கொங்கிறீட் குழாய் போட்ட பிறகும் புல்லுப் பிடுங்கிறவனை எங்கயாவது கண்டீங்களா? அம்மாளுக்கு முன்னால என்ன குளிசை?" எண்டன். அத்தான் போய் மஞ்சள் வேட்டி கட்டினார். கோயிலடியில நிண்டவங்க என்ட அறிவைப் பாத்து வாயடைச்சுப் போனாங்க.

இண்டைக்குக் காலம்பற அத்தான் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு பந்தல்காலில சாஞ்சிட்டார். "தம்பி, இந்த மனிசனுக்கு ஏதும் நடந்தா உன்ட முகத்திலயே முழிக்கமாட்டன்" எண்டு உன்ட அம்மா, என்ட அக்கா, சொன்ன மாதிரி எனக்கு எழுத வராது. நான் அத்தானைக் குழந்தை மாதிரித் தூக்கி ஓட்டோவில போட்டன். தூக்கினதிலதான் இடது தோள் உளையுது, வேர்வையும் நிக்குதில்ல. "நீங்களும் ஒருக்காக் காட்டுங்க அண்ணே" எண்டு ஓட்டோக்காரன் ரதீஸ் அரிக்கிறான். எனக்கென்னடா, இரும்பு எண்டன்.

"குளிசையை விடச் சொன்னது ஆர்?" எண்டு டொக்டர் கேட்டார். நான் கூரையில சுத்திற காத்தாடியைப் பாத்தன். அத்தானை உள்ளுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப்போட்டாங்க. அக்கா கதவையே பாத்துக்கொண்டிருக்கிறா. நான் அக்காவைப் பாக்கல்ல. மகள், நீ படிச்சவள். வெச்ச குழாய் அடைச்சா திரும்பத் திறக்க ஏலுமா? கெதியா எழுது. நல்ல பதிலா எழுது.

உன் ஆராய்ச்சியும் அந்தப் பன்றிகளும் நீடூழி தழைக்க அம்மாள் காவல் நிற்பாளாக.

இங்ஙனம்,
உன் தாய்மாமன்,
வட்டைவிதானை சீவரெத்தினம்

பி.கு.: மேலே எழுதினதை மறந்திடு. அத்தான் தன்ட காலாலயே நடந்து வெளிய வந்தார். வெறும் வயித்தில தேசிக்காய்த் தண்ணி குடிச்ச வாய்வாம். "அப்ப குளிசை விட்டது?" எண்டன். வேட்டி மடிப்பை அவிழ்த்துக் குளிசை அட்டையைக் காட்டினார். "விட்டாத்தானே. அம்மாளிட்டச் சொல்லிப்போட்டு ஒவ்வொரு நாளும் போட்டனான். உன்னட்டத்தான்டா சொல்லல்ல." சிரிப்பம் எண்டு எழும்பினன். எழும்பினதுதான் ஞாபகம். இப்ப கட்டிலில கிடக்கிறது நான். எனக்குத்தான் அடைப்பாம், குழாய் வெக்கப் போறாங்களாம். அதே குளிசையை நேர்ஸ் கைநிறையத் தந்தா. விழுங்கினனா எண்டு அத்தான் வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்கிறார். அக்கா பேப்பரைப் பிடிச்சிருக்க இதை எழுதிறன். மகள், அண்டைக்கு யானை வந்த நேரம் நீ சொல்ல வந்த மிச்சத்தைச் சொல்லு. போன் கையிலதான் கிடக்கு.