பச்சை டியூப் பெரியண்ணன்

பெரியண்ணன் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்காமலே உதவி செய்வார். செய்ததை நீங்கள் சாகும்வரை மறக்காதபடியும் பார்த்துக்கொள்வார். ஒரகடம் டீக்கடைக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், நம் ஏகாம்பரநாதன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அண்டை நாடுகளை வரிசையாக நிற்கவைத்துக் கண்டித்துக்கொண்டிருப்பார்.

"நேபாளம், மாலத்தீவு, இலங்கை, எல்லாம் நம்ம தம்பிங்க சார். அரிசி கேட்டா அரிசி, மருந்து கேட்டா மருந்து. அத்த வாங்கிக்கினு சைனாக்காரன் கையைப் புடிச்சா இன்னா அர்த்தம்? லைட்டா ஒரு வால்வை மூடணும். ரெண்டே நாள், தானா வருவான்!"

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள் தலையாட்டுவார்கள். பஸ் வரும்வரை வேறென்ன செய்வது?

இதை டீக்கடையோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடிக்காரி செல்லக்கனி மெஸ் நடத்துகிறாள். ஷிஃப்டுக்குப் போகிற அறுபது பையன்களுக்கு அவள் கைச்சோறுதான். அவள் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை. ஏகாம்பரநாதன் வீட்டு போரோ வற்றியதே இல்லை. மனம் இளகி, மதில்மேல் ஒரு பச்சை டியூபைப் போட்டுவிட்டார். காசு வேண்டாம் என்றார், வேறெதுவும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு மெஸ் போர்டுக்கு என்ன கலர், காய்கறி எந்தக் கடையில், சமையல் மாஸ்டராக யாரை வைப்பது என்பதெல்லாம் அவர் சொன்னபடிதான். தினமும் அடுப்படிக்கு வந்து மூடியைத் தூக்கி, "சாம்பார்ல புளி தூக்கலா கீதே" என்பார். "உன் உள்விவகாரத்துல நான் தலையிடவே மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த மூடியைத் தூக்குவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, மெஸ்ஸின் மறுபக்கச் சுவரில் ஒரு நீல டியூப் தொங்குவதைக் கண்டார். புதிதாக மூன்று மாடி லாட்ஜ் கட்டியிருக்கும் தசரதனின் டியூப்! இன்னும் இணைப்புக்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஏகாம்பரநாதனுக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு செய்திருப்பார்! சத்தியமாக அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகையோடேயே போய் வால்வை மூடினார்.

"அண்ணாச்சி, தண்ணி நின்னுட்டு! அரிசி களையக்கூட இல்ல, செகண்ட் ஷிஃப்டு பயலுவ ஒரு மணிக்கு வந்துருவானுவ" என்று செல்லக்கனி மதிலோரம் ஓடிவந்தாள்.

"மோட்டாரு ரிப்பேரும்மா" என்றார். அவர் தலைக்குமேலே மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "அதான் தசரதன் கீறானே!"

"போன மாசம் கரண்டு போயி, தண்ணி இல்லாம ஒரு நாள் பூரா கடையைப் பூட்டுனேன் அண்ணாச்சி. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்னுதான்."

"அப்போ என்மேல நம்பிக்கை இல்ல!"

"தண்ணி மேலதான் இல்ல."

குடத்தைத் தூக்கிக்கொண்டு தசரதன் லாட்ஜுக்கு ஓடினாள். சோறு வேகுமுன் கம்பெனி பஸ் வந்துவிட்டது. இருபது பையன்கள் வெறும் வயிற்றோடு லைனில் போய் நின்றார்கள்.

மறுநாள் நீல டியூபில் தண்ணீர் வந்தது. அதற்கு மறுநாள் தசரதனும் வந்தார், மூடியைத் தூக்கி உப்புப் பார்க்க. மூன்றாம் நாள் ஏகாம்பரநாதனின் மோட்டார் தானாகவே குணமாகிவிட்டது. "நம்ம உறவு ஸ்பெஷல்மா, யாராலயும் பிரிக்க முடியாது" என்று பச்சை டியூபைத் தடவிக்கொடுத்தார்.

செல்லக்கனி பிழைத்துக்கொண்டாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? மெஸ் வாசலில் வடை சுடுகிற முனியம்மாளுக்கு அவள்தான் தினமும் இரண்டு குடம் தண்ணீர் கொடுப்பது. போன வாரம் முனியம்மாள் ஒரே ஒரு குடம் லாட்ஜிலிருந்து பிடித்து வந்தாள்.

"ஏன்க்கா, நான் ஒருத்தி இருக்கையில அங்க எதுக்குப் போறீய? உங்களுக்கு என்ன கொறை வச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே, செல்லக்கனி சட்னிச் சட்டியின் மூடியைத் தூக்கினாள். "தேங்காயே இல்லியே!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா நேற்று எதிர்வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் முகம் போன போக்கை நானும் பார்த்தேன்.