மோரிஸ் காரின் தகட்டுக்குள் இருக்கும் மாமாவுக்கு

புக்கிட் மேரா, சிங்கப்பூர்
கல்லறைத் திருநாள், 1982

இறைவனடி சேர்ந்த, மதிப்பிற்கும் அச்சத்திற்கும் உரிய மாமா திரு. மரியஅந்தோணி அவர்களுக்கு, மாப்பிள்ளை லாசரஸ் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும், தங்கள் மகள் அல்போன்சம்மாளும், பேத்தி உர்சுலாவும் நலம். தங்கள் நலத்தைக் கேட்பது முறையா என்று தெரியவில்லை. போன தவக்காலத்தில் தங்கள் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆகவே தாங்கள் கல்லறையில்தான் இருக்க வேண்டும். ஆனால் இல்லை என்று படுகிறது. அதனால்தான் இன்று காலை அங்கே மெழுகுவத்தி மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். இந்தக் கடிதத்தைச் சுருட்டி, தங்கள் மோரிஸ் மைனரின் இடது கதவுக்குக் கீழே இருக்கும் துளை வழியாக உள்ளே போடுவதாக உத்தேசம்.

கண்ணை மூடுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, எம் பேத்தி கல்யாணத்துக்கு எங் கார்லதான் கோயிலுக்குப் போவணும்" என்றீர்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். வருகிற சனிக்கிழமை கல்யாணம். கார் பளபளவென்று நிற்கிறது. ஆனால் உர்சுலா அதில் ஏறமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். காரணம் தாங்கள்தான், மாமா. மன்னிக்கவும், வேறு யாரைச் சொல்வேன்?

நடந்ததைச் சொல்கிறேன். காரை ஜாலான் புசார் பின்சந்தில் இருக்கும் ஜலாலுதீன் பட்டறையில் விட்டேன். அவனைத் தங்களுக்குத் தெரியும், வாய் நீளம், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவான், ஆனால் கைவேலை சுத்தம். "வெளித்தகடு துரு புடிச்சா கண்ணுக்குத் தெரியும் லா. உள்தகடுதான் சத்தமில்லாம ஆளக் கவுத்துரும்" என்று சொல்லி, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடுகிற, உள்ளே கூடாக இருக்கும் தகட்டை அறுத்து, இற்றுப்போனதை எடுத்துவிட்டு, புதுத் தகடு பற்றவைத்தான். இனி உள்ளே மெழுகும் எண்ணெயும் கலந்த கலவையை நீளக் குழாய் விட்டுப் பீய்ச்ச வேண்டும், அது மூலைமுடுக்கெல்லாம் படிந்துவிட்டால் துரு அண்டாது என்றான். வலது பக்கம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இடது பக்கம் பற்றவைத்தது பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் லேசாகத் தட்டினான். உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். டக், டக். நான் வண்டியை வேகமாகத் திருப்பும்போதெல்லாம் பக்கத்துச் சீட்டில் இருந்தபடி தாங்கள் மோதிரத்தால் கதவைத் தட்டுவீர்களே, அதே தட்டு. "பேயாவது, பிசாசாவது" என்று ஊருக்கெல்லாம் வியாக்கியானம் செய்யும் ஜலாலுதீன் போட்டது போட்டபடி ஓடியவன்தான், கோப்பிக்கடையிலிருந்து ஆள் அனுப்பித் தன் செருப்பை வாங்கிக்கொண்டான்.

கழன்ற போல்ட் ஏதாவது இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டு, மெழுகுக் குழாய் விடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இருட்டுதான். ஆனால் தங்கள் மூக்குப்பொடி வாசனை குப்பென்று ஏறியது, அடக்க முடியாமல் தும்மிவிட்டேன். "சேசு" என்றது தகடு. சத்தியமாகச் சொல்கிறேன், மாமா, வீட்டில் யாராவது தும்மினால் தாங்கள் சொல்வது போலவே, பாதித் தூக்கத்தில் சொல்வது போல. கையில் கிடைத்த ரப்பர் மூடிகளால், தண்ணீர் வடியும் துளைகள் உட்பட அத்தனையையும் இறுக அடைத்து, காரை வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டேன்.

அங்கேதான் அடுத்த வினை. சில நாளில் இடது கதவுக்குக் கீழே சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. உர்சுலா பார்த்துவிட்டு, "அப்பா, ரத்தம்!" என்று அலறிய அலறலில் கார் பேட்டையே கூடிவிட்டது. விசாரித்தால் தங்கள் மகளின் திருவிளையாடல். தகடு தட்டிய கதையை நான் சொன்ன நாளிலிருந்து, நான் வேலைக்குப் போனதும் மேல் மூடியைக் கழற்றி, தினமும் உள்ளே தீர்த்தம் ஊற்றியிருக்கிறாள். "அப்பாவுக்கு நாக்கு வறண்டிருக்குமேன்னுதாங்க ஊத்துனேன். கோயில்ல ஃபாதர் உப்புப் போட்டு மந்திரிச்ச தண்ணி, ஆத்துமாவுக்கு நல்லது" என்கிறாள். ஜலாலுதீன் தலையில் அடித்துக்கொண்டான், காரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுதான். "ஆத்துமாவுக்கு நல்லது, இரும்புக்கு எமன் லா! நீங்க வடியுற ஓட்டைய வேற அடைச்சிட்டீங்க!" அவள் ஊற்ற, நான் அடைக்க, புதுத் தகட்டைப் புருஷனும் பெண்டாட்டியுமாகத் துருவாக்கியிருக்கிறோம். நல்ல தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து, சுரண்டி, துரு தடுக்கும் பெயிண்ட் அடித்தோம், மெழுகு மட்டும் பாக்கி. சிவப்புச் சொட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தட்டுக்குத் தெரியவில்லை.

பயம் தெளியட்டும் என்று போன ஞாயிறு பூசை முடிந்து உர்சுலாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினேன். சிராங்கூன் ரோடு திருப்பத்தில் கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டேன். டக், டக். அவள் முகம் வெளிறிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, பழைய வண்டி" என்றேன். அதற்குத் தாங்கள் கோபித்துக்கொண்டீர்களோ என்னவோ, அவள் காலடியிலேயே இன்னொரு தட்டு. சிக்னலில் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "நான் பஸ்ல போயே கல்யாணம் பண்ணிக்கிறேன்பா. இதுல ஏறமாட்டேன்."

பெற்ற பெண் கல்யாணச் சேலையோடு பஸ்ஸில் போவதா, செத்தவருக்குக் கொடுத்த வாக்கு பொய்யாவதா? எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஆகவே தங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நாளை ஜலாலுதீன் மெழுகு பீய்ச்சுகிறான், அதன்பின் உள்ளே மூச்சுவிட இடம் இருக்காது. அதற்குள் தயவுசெய்து வெளியே வந்து, தங்களுக்கு உரிய இடத்துக்குப் போய்விடுங்கள். விரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். தங்கள் ஆத்தும இளைப்பாற்றிக்குப் பாட்டுப் பூசையே வைக்கிறேன்.

அங்கே நம் சொந்தபந்தங்கள் யாரைக் கண்டாலும் எங்கள் தோத்திரங்களைச் சொல்லவும். பேத்தியை அங்கிருந்தே ஆசீர்வதிக்கவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாப்பிள்ளை,
லாசரஸ்

பின்குறிப்பு: மாமா, மோசம் போனேன். மெழுகு பீய்ச்சும் பரபரப்பில் இந்தக் கடிதத்தை உள்ளே போடவே மறந்துவிட்டேன், சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் தாங்கள் அந்த நெடி தாங்காமல் கிளம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. நேற்று உர்சுலாவைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு போனேன். எத்தனை திருப்பத்தில் திருப்பியும் ஒரு சத்தமில்லை. நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்சீட்டில் விசும்பல் கேட்டது. "தாத்தா போயிட்டாருப்பா. இது வெறும் கார்" என்றாள். வீட்டுக்கு வந்தால், அவள் கல்யாணச் சேலை வைத்திருக்கும் இரும்பு பீரோவுக்குள் டக், டக். சாயங்காலத்திலிருந்து அல்போன்சம்மாள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே பதிலுக்குக் காத்திருக்கிறாள். "தாத்தா இல்லாம நான் அந்தக் கார்ல போகமாட்டேன்" என்று உர்சுலா இப்போது அடுத்த காலில் நிற்கிறாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடிதத்தைப் பீரோ இடுக்கில் செருகுகிறேன். காரின் இடது பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டேன். உள்ளே மெழுகு இன்னும் சரியாகக் காயவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்னால் என் பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்காரவிடக் கூடாதென்று பேத்தியின் உத்தரவு. வந்துவிடுங்கள், மாமா.