எட்டுத் தோல்வியும் ஓர் இறுதியாட்டமும்

1978 ஆகஸ்ட் ஐந்தாம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், மெல்பேர்ன் கிளேட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் போட்டிக் குழுக் கூட்டத்துக்குச் சமூகமளித்திருந்தோர்: தலைவர், நான். செயலாளர், தாதி யோகராணி. எட்டு ஆட்டங்களிலும் வென்ற அணியின் தலைவர் ஜெயரட்ணம். ஆறில் வென்ற அணியின் தலைவர், கணித ஆசிரியர் நரசிம்மன். எட்டிலும் தோற்ற அணியின் தலைவர் ஈஸ்வரமூர்த்தி. இவர்தான் என் மருமகன், மணமாகி ஐந்து மாதமாக எங்கள் வீட்டோடு இருப்பவர். தேநீரும் பற்றிஸும் கொண்டுவந்த வகையில் என் மகள் பவளம். மற்ற இரு அணித் தலைவர்களை அழைக்கவில்லை, கதிரை போதாது.

கூடைப்பந்து எவ்வளவு அநீதியாக ஆடப்பட்டு வந்தது என்பதை மனிதகுலம் அறிந்துகொண்டது அந்த அறையில்தான்.

எங்கள் தமிழர் போட்டியில் ஐந்து அணிகள். பட்டியலில் முதல் நான்கும் இறுதிச் சுற்றுக்குப் போகும். ஒன்று வீட்டில் இருக்கும். அந்த வீடு எங்கள் வீடு. புது மாப்பிள்ளையை இரண்டாம் பந்தியில்கூட இருத்தாத குடும்பம் இது. பந்தியே இல்லை என்று அனுப்பிவிடுவதா?

"வெற்றிகளை எண்ணுவது கடைக்காரர் வேலை," என்று கூட்டத்தைத் தொடக்கிவைத்தேன். "தகுதிக்கு வேறு அளவுகோல் வேண்டும்."

நரசிம்மன் பென்சிலை எடுத்தார். பத்து நிமிடம் கழித்து வைத்தார். "சார், எந்த ஃபார்முலா போட்டாலும் உங்க மாப்பிள்ளை அஞ்சாவதுதான் வர்றார்."

"எட்டிலும் ஒரே முடிவு தந்த அணிகள் எத்தனை?"

"ரெண்டு. ஜெயரட்ணம் எட்டும் ஜெயிச்சார். இவர் எட்டும்..."

"போதும். அதன் பெயர் நிலைபேறு. நிலைபேறுள்ள இரு அணிகளும் நேரே இறுதியாட்டத்துக்கு. ஒருநாள் வென்று மறுநாள் தோற்கிற சபலக்காரருக்கு அங்கே இடமில்லை."

"சார், ரெண்டு தோத்த நான் வெளியே, எட்டு தோத்தவர் உள்ளேயா?"

"தோற்பதிலும் நீங்கள் அரைகுறை, நரசிம்மன்."

ஜெயரட்ணம் உடனே வழிமொழிந்தான். "நல்ல முறை, அங்கிள். எனக்கு அரையிறுதியும் மிச்சம்."

மருமகன் எழுந்தார். "மாமா, நான் ஒண்டு சொல்லட்டோ..."

"நீங்கள் இருங்கோ, மருமகன். பற்றிஸ் ஆறுது, சாப்பிடுங்கோ."

"மாமா, எனக்கு..."

"பவளம், இன்னொண்டு வை."

பவளம் தட்டை என் முன்னாலேயே வைத்தாள். "அப்பா, அவருக்கு இந்த விளையாட்டே பிடிக்கிறேல்லை. நீங்கள்தானே பேரைக் குடுத்தனீங்கள்? ஒவ்வொரு சனியும் வெள்ளனவே வயித்துக்குத்து வருது அவருக்கு."

"இதை என்னெண்டு பதியிறது?" என்று கேட்டார் யோகராணி.

"நன்றியுரை," என்றேன். அப்படியே பதியப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது; நரசிம்மன் அதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் திகதி இறுதியாட்டம். நான் முன்வரிசையில் கோட் அணிந்து அமர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தின் மதிப்பு அன்று ஊரறியத் துலங்கியது. மருமகன் பந்தை எடுத்த போதெல்லாம் ஜெயரட்ணத்தின் அணிப் பையன்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி வழிவிட்டார்கள். மாமனார் முன்னிலையில் மாப்பிள்ளையை மறிக்க எந்தத் தமிழன் துணிவான்? பதினொரு தடவை தடுப்பாரின்றி எறிந்தார். பதினொன்றும் வெளியே. அந்த நிலைபேற்றைப் பார்த்து அவுஸ்திரேலிய நடுவர் வியந்து தலையில் கைவைத்தார். முடிவு: எழுபத்தொன்றுக்குச் சைபர். இரண்டாமிடக் கிண்ணம் எங்கள் முன்னறையில் இருக்கிறது.

செப்டெம்பரில் மருமகனும் பவளமும் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார்கள். எழுபத்தொன்றுக்குச் சைபர் என்று தோற்ற வெட்கத்தில்தான் அவர் வேலையில் இடமாற்றம் கேட்டு ஓடினார் என்று மெல்பேர்னில் ஒரு வதந்தி உலவுகிறது. குடும்பத்தின் மானத்தைக் காக்க அதை இங்கே திட்டவட்டமாக மறுக்கிறேன். அவருடைய விண்ணப்பத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. திகதி ஆகஸ்ட் ஏழு, திங்கட்கிழமை. இறுதியாட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று அவர் எழுபத்தொன்றுக்குத் தோற்றிருக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான்.