காலி நாற்காலி யாருக்கு?

"போர்ட்னா எனக்குச் சலிப்பா இருக்குன்னு அர்த்தம் இச்சாயா. போரிங்னா நானே ஒரு அறுவைன்னு அர்த்தம். டைட்டஸ் சார் என்ன அழகா சொல்லிக் கொடுக்கிறார் தெரியுமா!"

கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் இருந்த தட்டைச் சாபிச்சன் தள்ளி வைத்தான். நர்ஸான மனைவி ஜாலி லண்டன் வேலைக்காக இங்கிலீஷ் கிளாஸ் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் டைட்டஸ் புராணம்தான்.

"அவர் ரொம்ப இன்ட்ரஸ்டிங்" என்றாள்.

"அப்போ நான்?"

ஜாலி சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விட்டாள். பாஸ் பண்ணிவிட்டு இவள் மட்டும் விமானம் ஏறிவிட்டால்? அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் ரப்பர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு, கிளாஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். டைட்டஸ் இஸ்திரி கலையாத சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றான். அதுகூடப் பரவாயில்லை. ஜாலியின் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை! உட்கார வந்த பெண்ணிடம், "ஆள் வருது" என்றாள்.

எந்த ஆள்? கையும் களவுமாகப் பிடிக்க, கவுன்ட்டரில் பேர்கூடக் கொடுக்காமல் அன்றே நேராகக் கிளாஸுக்குப் போனான். உள்ளே நுழைந்ததும் ஜாலி அவசரமாகப் பையை எடுத்தாள். 'திருட்டு முழி!' விறைப்பாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

"புது ஆளா? கிளாஸ் எப்படி இருக்கு?" என்றான் டைட்டஸ்.

மட்டம் தட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? சாபிச்சன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஐயாம் போரிங்!" என்றான்.

கிளாஸே குலுங்கியது. ஜாலிதான் அதிகமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவனைத் தூங்கவிடவில்லை. ரப்பர் ஷீட் விற்க வந்தவர்களிடமெல்லாம், "நீங்க டயர்டா, டயரிங்கா?" என்று கேட்டுப் பழகினான். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். மாதக் கடைசியில் டைட்டஸ் கேட்ட எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னான்.

"சூப்பர்! இனி ரெண்டு பேரும் சேர்ந்தே லண்டன் போகலாம்" என்றான் டைட்டஸ். ஜாலியின் முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பயலைப் பார்த்தா இந்தப் பூரிப்பு? சாபிச்சன் விடுவிடுவென்று வாசல் கவுன்ட்டருக்குப் போனான். அங்கே பேர் பதிகிற அன்னம்மா இருந்தாள்.

"மறைக்காம சொல்லுங்க. என் பெண்டாட்டி பக்கத்து நாற்காலி யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சேட்டா! சேர்ந்த அன்னிக்கே ரெண்டு பேர் பேரையும் கொடுத்துட்டு, 'வாங்கன்னா வரமாட்டார், வயிறு எரிஞ்சா தானே ஓடி வருவார்'னு சொல்லித்தானே ஜாலி சேச்சி அதுல பையைப் போட்டு வச்சாங்க?"