ஒரு பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும், முக்கியமாகப் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மோட்டார் சைக்கிள் மட்டும் சுகமாக இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நடுவில் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று மாத வேலையாக நீங்கள் வெளியூர் கிளம்பியபோது வண்டியை உங்கள் அண்ணன் வீட்டில் விடுவதாகத்தான் பேச்சு. நான்தான் விடாப்பிடியாக வாங்கி வைத்துக்கொண்டேன். அப்போது என் மகள், "பாப்பாவை லீவுக்கு ஒரு மாசம் அனுப்புன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்கல்லப்பா? முதல்ல இந்த வண்டியைப் பத்திரமா பார்த்துக்குங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பேத்திக்காக மாடி அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டு வைத்திருக்கிறேன். எனவே இனி நீங்கள் படிக்கப்போகும் எதிலும் என் தவறு ஒன்றுமில்லை என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பூட்டத் தெரியும். முப்பத்தொரு வருடம் கிடங்குச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது, ஒரு மூட்டை காணாமல் போனதில்லை. உங்கள் வண்டியையும் அப்படித்தான் பூட்டுகிறேன். ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, சாவியை அழுத்தித் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மற்றவர்கள் அதோடு சாவியை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். நான் இன்னும் கொஞ்சம் திருகுவேன். இரண்டாவதாக ஒரு 'டக்' வரும். அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். பிறகு தார்ப்பாயை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, கயிற்றால் சுற்றிக் கட்டிவிடுவேன். தூசி மட்டுமல்ல, வெளிச்சம்கூட உள்ளே போகாது.

"வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓட விடுங்க மாமா. நல்ல பேட்டரி. சும்மா நின்னாலே ஒரு மாசம் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை கயிற்றை அவிழ்த்து, சாவியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை. உதைத்துக் கிளப்பலாம் என்றால் உங்கள் வண்டியில் உதைப்பதற்கு ஒன்றையுமே வைக்கவில்லை. தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பேட்டரியைக் கழற்றிப்போய், சார்ஜ் ஏற்றி மாட்டினார். வாரம் முழுக்கத் தாங்கவில்லை போலும் என்று இந்த முறை மூன்றாம் நாளே பார்த்தேன், செத்துக் கிடந்தது. மறுபடி சார்ஜ், மறுநாளே பார்த்தேன், அப்போதும் அதே கதி. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே வண்டியைத் தன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே ஐந்து நாள் சும்மா நிறுத்தி வைத்தாராம். ஆறாம் நாள் தொட்டதும் கிளம்பியது. நம் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மறுபடி பிணம். நம் வீட்டுத் தரை மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்று முடிவுகட்டி, சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்தேன். பலனில்லை. மெக்கானிக் கைகாட்டிய கடையில் புது பேட்டரியும் வாங்கி மாட்டியாயிற்று. அதுவும் ஒரே ராத்திரியில் போய்விட்டது.

நேற்று மெக்கானிக் மெதுவாக, "சார், தப்பா நினைக்காதீங்க, எதையாவது ஆன்ல விட்டுடுறீங்களா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "கிடங்கையே கட்டிக் காத்தவன்கிட்ட கேக்குற கேள்வியாய்யா இது? கடைக்காரனோட சேர்ந்து பழைய பேட்டரிக்கு ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில கட்டிட்டு, என்னையே கேக்குறியா?" என்று வாசலில் வைத்தே சத்தம் போட்டுவிட்டேன். தெருவே பார்த்தது. அந்த ஆள் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இன்று மதியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டுவந்து மாட்டினார். "இதான் கடைசி சார். நாளைக்கும் செத்துப்போச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்கள் அத்தை, "அவர் பேசுறதுலயும் நியாயம் இருக்குங்க" என்கிறாள். முப்பத்தெட்டு வருடத்தில் என் பேச்சில் நியாயம் இருப்பதாக அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆக, இந்த வண்டி பிறவியிலேயே கோளாறானது. பேட்டரிக்காரன் ஏமாற்றுகிறான், மெக்கானிக் அவனுக்கு உடந்தை. நீங்கள் வந்ததும் வண்டியை விற்றுவிடுவது நல்லது. வண்டியின் குற்றத்துக்காகப் பேத்தியை நிறுத்தி வைப்பது முறையல்ல என்று என் மகளிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள். பேத்திக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அத்தை துணி காயப்போடக் கயிறு வேண்டுமென்று தார்ப்பாயை அவிழ்த்தாள். அங்கிருந்தே, "ஏங்க, வண்டிக்குப் பின்னாடி சிவப்பா ஒரு லைட்டு எரியுதே, அது எரியணுமா?" என்றாள். போய்ப் பார்த்தேன். முன்னாலும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சாவியைப் போட்டு ஒரு 'டக்' பின்னால் திருகினேன், இரண்டும் அணைந்தன. மறுபடி முன்னால் திருகினேன், எரிந்தன. மெக்கானிக் கடைக்கு நடந்தே போய், நாலு பேர் முன்னால் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு டக் போதும் சார். ரெண்டாவது, ரோட்டோரம் நிறுத்துறப்போ லைட்டு எரியறதுக்கு" என்றார். எனவே மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். வண்டியை விற்க வேண்டாம். பேட்டரி, நான் பூட்டினால் ஒரு ராத்திரி தாங்கும், மற்றவர்கள் பூட்டினால் ஒரு மாதம். கடிதத்தைக் கிழித்துப்போட்டு வேறு எழுதத்தான் நினைத்தேன். "அப்படியே அனுப்புங்க. இதை மறைச்சா நாளைக்குக் குழந்தையை எப்படி நம்பி விடுவாங்க?" என்று உங்கள் அத்தை சொல்லிவிட்டாள். இந்த முறை அவள் பேச்சில்தான் நியாயம் இருக்கிறது. மாடி அறைக் கதவில் இருந்த இரண்டாவது தாழ்ப்பாளை இப்போதுதான் கழற்றி வைத்தேன். பாப்பாவை அனுப்பி வையுங்கள்.